மதிப்பெண் பட்டியலின் பயணம்: எராஸ்மஸ் பரிமாற்ற செமஸ்டரும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான நம்பிக்கையும்

ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதிவுசெய்துள்ள மாணவர், அந்தப் பதிவை விட்டுவிடாமலே ஒரு செமஸ்டரோ ஓர் ஆண்டோ வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே தேர்ச்சி பெற்ற பாடங்களைத் தம் சொந்தப் பட்டத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு மாணவர் பரிமாற்றம் எனப்படுகிறது. முழுப் பட்டத்தையும் அயல்நாட்டில் பெறுவதற்காகச் செல்பவர் ஒரே ஒரு நிறுவனத்தின் விதிகளுக்குள் அடங்கிவிடுகிறார். பரிமாற்ற மாணவரோ ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். இத்தகைய ஏற்பாடுகளில் மிகப் பெரியதும் மிக அதிகமாக ஆராயப்பட்டதும் 1987-இல் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம். அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இளமை, பயணம், நட்பு, புதிய மொழி ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. அவை பொய்யல்ல, ஆனால் அவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது, ஒரு பேராசிரியர் தாம் பார்த்திராத வகுப்பறையில், தாம் அறியாத ஓர் ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணைத் தம் மாணவரின் பட்டியலில் ஏற்றுக்கொள்ளச் சம்மதிப்பதாகும். கல்வி நிர்வாகத்தில் ‘ஏற்பு’ எனப்படும் இந்தச் சம்மதம் எப்படி உருவானது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாடு விட்டு நாடு சென்று படிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய நாளிலிருந்தே உள்ளது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசா பிறப்பித்த ‘ஹபிதா’ என்னும் ஆணை, கல்விக்காகப் பயணம் செய்வோரைத் தன் காப்பில் எடுத்துக்கொண்டதோடு, ஒரு மாணவரின் ஊரார் பட்ட கடனுக்காக அம்மாணவரைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் விதித்தது. போலோன்யா நகருக்குப் படிக்க வந்த அயலூர் இளைஞர்கள் எத்தகைய ஆபத்துகளுக்கிடையே வாழ்ந்தார்கள் என்பதை இந்த ஒரு விதியே காட்டிவிடும். பயிற்றுமொழி எங்கும் லத்தீனாகவே இருந்தது. ஒரு பெரும் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் மறுதேர்வு இன்றி எங்கும் கற்பிக்கலாம் என்ற கொள்கையும், எதிர்ப்புகளுக்கிடையே, நிலவியது. திட்டத்துக்குப் பெயர் தந்த ராட்டர்டாம் நகரத்து அறிஞர் எராஸ்மஸ் பாரிசில் இறையியல் படித்தார், 1506-இல் டூரினில் டாக்டர் பட்டம் பெற்றார், கேம்பிரிட்ஜில் கற்பித்தார், லூவனில் வாழ்ந்து, 1536-இல் பாசல் நகரில் மறைந்தார். பிற்காலத்தில் தேசிய அரசுகள் வலுப்பெற்றபோது இந்தப் பொதுவெளி சுருங்கியது. வழக்கறிஞர், மருத்துவர், பள்ளியாசிரியர் ஆகிய பணிகளுக்குப் பட்டமே வாயிலாகிவிட்டதால், அந்த வாயிலில் யாரை விடுவது என்பதை ஒவ்வோர் அரசும் தன் கையில் வைத்துக்கொண்டது. அயல்நாட்டுப் படிப்பு அறிவாக மதிக்கப்பட்டாலும் பட்டத்தின் பகுதியாக ஏற்கப்படுவது அரிதாயிற்று.

அமெரிக்காவில் 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களை மூன்றாம் ஆண்டுப் படிப்புக்காகப் பிரான்சுக்கு அனுப்பியபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. மொழி ஆசிரியரான ரேமண்ட் கர்க்பிரைடு என்பவரே மாணவர்களோடு கப்பலேறினார். நான்சி நகரில் மொழிப்பயிற்சி முடித்து, பாரிசில் அவர் கண்காணிப்பில் அவர்கள் படித்தார்கள். தன் ஆசிரியர் உடனிருந்து பொறுப்பேற்றதால் டெலவேருக்கு அந்த ஓராண்டைத் தன் படிப்பாகக் கருதுவதில் தயக்கம் இருக்கவில்லை. எட்டுப் பேருக்கு இது சரிப்படும்; எட்டாயிரம் பேருக்குச் சரிப்படாது. 1946-இல் போர்க்காலத்தில் எஞ்சிய தளவாடங்களை அயல்நாடுகளில் விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கிய ஃபுல்பிரைட் திட்டம் எண்ணிக்கையைப் பெருக்கியது. ஆனாலும் அது தனிமனிதருக்குப் பணம் தந்ததே தவிர, திரும்பி வருபவரின் படிப்பை அவருடைய பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் சிக்கியவர்களுள் ஒருவர் ரோமில் சட்டம் பயின்ற சோஃபியா கொராதி. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1957–58 கல்வியாண்டைக் கழித்து, ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டத்தோடு திரும்பிய அவர், தம் இத்தாலியப் பட்டத்தை முடிக்க அந்தப் பாடங்களைக் கணக்கில் சேர்க்குமாறு கேட்டபோது, கோரிக்கை மறுக்கப்பட்டதோடு பிற மாணவர்கள் முன்னிலையில் அவமதிப்புக்கும் ஆளானார். எஞ்சிய தேர்வுகளை எழுதிப் பட்டம் பெற்றபின் அவர் கல்வி ஆய்வாளராகி, இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் அமைப்புக்கு ஆலோசகராக இருந்த நிலையில், 1969-இல் ஒரு முன்மொழிவை எழுதினார். ஒரு மாணவர் தம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை அயல்நாட்டில் முடிக்க விரும்பினால், எந்தப் பாடங்கள் என்பதை அவருடைய துறை அவர் புறப்படுவதற்கு முன்பே பார்த்து ஒப்புதல் தந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். எளிமையாகத் தோன்றும் இந்த ‘முன்பே’ என்ற நிபந்தனையில்தான் அவருடைய நுண்ணறிவு இருக்கிறது. திரும்பி வந்தபின் கேட்கப்படும் ஏற்பு ஒரு சலுகையாகிவிடுகிறது. அதைத் தருவதும் மறுப்பதும் தருபவரின் மனநிலையைப் பொறுத்தது. புறப்படுமுன் எழுதித் தரப்படும் ஏற்பு ஓர் ஒப்பந்தம். ‘எராஸ்மஸின் தாய்’ என்று இத்தாலியர் அவரை அழைப்பது வெறும் பாசத்தால் அல்ல. 2016-இல் அவருக்கு ஸ்பெயினில் ஐந்தாம் சார்லஸ் ஐரோப்பியப் பரிசும் வழங்கப்பட்டது.

முன்மொழிவுக்கும் திட்டத்துக்கும் இடையே 18 ஆண்டுகள் ஓடின. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமுதாயத்தின் உடன்படிக்கைகளில் நிலக்கரியும் எஃகும் வேளாண்மையும் சுங்கமும் இருந்தன, கல்வி இல்லை. 1976-இல் தொடங்கிய ‘கூட்டுப் படிப்புத் திட்டங்கள்’ வழியே துறைகள் தமக்குள் சிறு அளவில் மாணவரை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. சட்டத்தின் கதவைத் திறந்தது எதிர்பாராத ஒரு வழக்கு. பெல்ஜியத்தின் லியேஜ் நகர நுண்கலைக் கல்லூரியில் சித்திரக்கதை வரையும் கலையைப் பயின்ற பிரெஞ்சு மாணவி ஒருவர், அயல்நாட்டவரிடம் மட்டும் வசூலிக்கப்பட்ட தனிக் கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். ஒரு தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் எந்தப் படிப்பும், அது பல்கலைக்கழக நிலையில் இருந்தாலும், உடன்படிக்கை குறிப்பிடும் ‘தொழிற்பயிற்சி’ என்பதற்குள் அடங்கும் என்றும், ஆகவே உறுப்பு நாட்டு மாணவர்களிடையே கட்டணத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. உயர்கல்வியின் பெரும்பகுதி ஒரே தீர்ப்பால் சமுதாயத்தின் அதிகார எல்லைக்குள் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டே, ஐரோப்பிய ஆணையத்தில் கல்விப் பொறுப்பிலிருந்த ஸ்பானிய ஆணையர் மனுவேல் மரின் தலைமையில் எராஸ்மஸ் வரைவு முன்வைக்கப்பட்டது. செலவைக் கண்டு பெரிய நாடுகள் பின்வாங்கின. ஒதுக்கீடு பொருளற்றதாகும் அளவுக்கு வெட்டப்பட்டதால் 1986 டிசம்பரில் ஆணையமே வரைவைத் திரும்பப் பெற்றது. மாணவர் அமைப்புகளின் அழுத்தமும், பிரெஞ்சு அதிபர் மித்தரானின் ஆதரவும் சேர்ந்து அதை மீட்டன. 1987 ஜூன் 15 அன்று திட்டம் நிறைவேறியபோது மூன்றாண்டுகளுக்குக் கிடைத்தது 8.5 கோடி எக்யூ (யூரோவுக்கு முன்பு வழங்கிய கணக்கு அலகு). கேட்டதில் ஏறக்குறையப் பாதி. முதல் ஆண்டில் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்கள் சென்றார்கள். சமுதாயத்தின் மாணவர்களில் பத்தில் ஒருவர் 1992-க்குள் பங்கேற்க வேண்டும் என்ற தொடக்க இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் 2014 முதல் ‘எராஸ்மஸ் பிளஸ்’ என்று வழங்கும் இதன் 2021–27 காலத்துக்கான நிதி 2,600 கோடி யூரோவைத் தாண்டுகிறது. பள்ளி மாணவர், தொழிற்பயிற்சி பெறுவோர், ஆசிரியர் ஆகியோரையும் சேர்த்தால் இதுவரை பயன்பெற்றோர் ஒன்றரைக் கோடிக்கு மேல்.

பணம் வந்தபின் எஞ்சிய கேள்வி கணக்கைப் பற்றியது. ஒரு நாட்டில் ஒரு பாடம் ஓராண்டு நீள்கிறது, இன்னொரு நாட்டில் ஒரு செமஸ்டரில் முடிகிறது என்றால், எதை எதற்கு ஈடாக வைப்பது? 1989-இல் வணிக நிர்வாகம், வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் ஆகிய ஐந்து துறைகளில் சோதனையாகத் தொடங்கிய கிரெடிட் மாற்று முறை இதற்கு விடையாக வந்தது. ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒரு செமஸ்டர் 30. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் கிரெடிட் என்ற சொல் பழகிப்போனதுதான். ஆனால் இந்திய முறையில் அது முதன்மையாக வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு என்பதை அளக்கிறது. ஐரோப்பிய முறை, வகுப்பில் அமர்வது, நூலகத்தில் படிப்பது, ஆய்வகத்தில் உழைப்பது, தேர்வுக்கு ஆயத்தமாவது எல்லாம் சேர்ந்து மாணவர் செலவிடும் மொத்த நேரத்தை அளக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் என்று வரையறுத்திருப்பதால் 25-ஐக் கொள்ளும் இத்தாலியில் ஒரு செமஸ்டர் 750 மணி நேரம், 30-ஐக் கொள்ளும் ஜெர்மனியில் 900. இந்த 150 மணி நேர வேறுபாட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினால் ஏற்பே நடக்காது. துல்லியத்தில் ஓரளவை விட்டுக்கொடுத்து நம்பிக்கையைப் பெறுவது என்ற உடன்பாடு இந்த முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

கொராதி கேட்ட ‘முன்பே’ என்பது இன்று ‘கற்றல் ஒப்பந்தம்’ என்ற ஆவணமாக இருக்கிறது. அதில் முக்கியமானவை இரண்டு பட்டியல்கள். முதலாவது, மாணவர் அயல் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போகும் பாடங்கள், அவற்றின் குறியீட்டு எண், கிரெடிட். இரண்டாவது, அவற்றுக்கு ஈடாகத் தாய்ப் பல்கலைக்கழகத்தில் அவர் படிக்க வேண்டியதில்லை என்று விடப்படும் பாடங்கள். மாணவர், அனுப்பும் துறையின் பொறுப்பாளர், ஏற்கும் துறையின் பொறுப்பாளர் என மூவரும் கையொப்பமிட வேண்டும். இரண்டு பட்டியல்களும் வரிக்கு வரி பொருந்த வேண்டியதில்லை. மொத்தம் ஈடாக இருந்தால் போதும் என்பதே விதியின் நோக்கம். நடைமுறையில் பல பேராசிரியர்கள் வரிக்கு வரி பொருத்தம் தேடுகிறார்கள். தம் பாடத்தில் உள்ள ஆறு அலகுகளில் ஐந்துதான் அங்கே இருக்கின்றன என்று ஒருவர் மறுப்பது, முதல் பார்வையில் தரத்தின் மீதான அக்கறையாகத் தோன்றும். 1997-இல் கையெழுத்தான லிஸ்பன் ஏற்பு உடன்படிக்கை இந்த மனப்பான்மையைத்தான் தலைகீழாக்கியது. தம் படிப்பு ஈடானது என்று மாணவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று மறுக்கும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். ஏற்பைப் பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்ட விதிகளிலேயே இதுதான் மிகத் துணிவானது என்று சொல்லத் தோன்றுகிறது.

போய்ச் சேர்ந்ததும் ஒப்பந்தம் பெரும்பாலும் கலைந்துவிடுகிறது. பட்டியலில் இருந்த பாடம் அந்த செமஸ்டரில் நடத்தப்படுவதில்லை. ஆங்கிலத்தில் நடக்கும் என்றிருந்தது உள்ளூர் மொழியில் நடக்கிறது. இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன. முதல் சில வாரங்களுக்குள் திருத்தப் பட்டியல் எழுதி மறுபடியும் மூன்று கையொப்பங்களை வாங்குவது அனேகமாக ஒவ்வொரு மாணவரும் கடக்கும் கட்டம். கல்வியாண்டுகளும் ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டரில் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கின்றன. ஸ்பெயினின் இரண்டாம் செமஸ்டரோ பிப்ரவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவது வழக்கம். ஆகவே ஜெர்மன் மாணவர் ஒருவர் தம் தேர்வுகளை முடிக்குமுன்பே கிரானடாவில் வகுப்புகள் தொடங்கிவிடலாம்.

எல்லாவற்றினும் சிக்கலானது மதிப்பெண்ணை மாற்றுவது. பிரான்சில் 20-க்கு மதிப்பெண். 10 தேர்ச்சி, 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. அதற்கு மேல் தருவதில் பேராசிரியர்கள் மிகுந்த சிக்கனம் காட்டுகிறார்கள். இத்தாலியில் 30-க்கு, 18 தேர்ச்சி, சிறந்தவர்களுக்கு 30-உடன் ஒரு பாராட்டுக் குறிப்பு. தேர்வு பெரும்பாலும் பேராசிரியர் முன் அமர்ந்து வாய்மொழியாகவே நடக்கிறது. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் அதை ஏற்க மறுத்து மறுபடியும் தேர்வுக்கு வரும் வழக்கமும் உண்டு. ஆகவே உயர்ந்த மதிப்பெண்கள் அங்கே அருமையானவை அல்ல. ஜெர்மனியில் கணக்குத் தலைகீழ்: 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சியின் கடைசி எல்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மாற்று வாய்பாடு, அயல்நாட்டின் உச்ச மதிப்பெண்ணுக்கும் பெற்ற மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரத்தை, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுகிறது. பிரான்சில் 16 பெற்ற மாணவருக்கு இது 2.2 தருகிறது, இத்தாலியில் 27 பெற்றவருக்கு 1.75. பாரிசில் வகுப்பின் முதல் சிலருள் ஒருவராக வந்தவர், இத்தாலியில் நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருந்தவருக்குக் கீழே வைக்கப்பட நேர்கிறது. பிரெஞ்சு முறையில் ‘நன்று’ எனப்பட்ட 14 மதிப்பெண் 2.8 ஆகி, ஜெர்மனியில் ‘திருப்தி’ என்ற நிலைக்கு இறங்குகிறது. வாய்பாட்டில் பிழை எதுவும் இல்லை. எண்கள் ஒவ்வொரு நாட்டின் வகுப்பறைப் பழக்கத்துக்குள் பொருள் கொண்டிருக்கின்றன என்பதை அது அறியாது, அவ்வளவே.

இதைச் சரிசெய்ய முதலில் வந்தது, தேர்ச்சி பெற்றவர்களை மேலிருந்து 10, 25, 30, 25, 10 விழுக்காடுகளாகப் பிரித்து ஐந்து எழுத்துகளால் குறிக்கும் முறை. பத்துப் பேர் மட்டுமே படிக்கும் வகுப்பில் விழுக்காட்டைப் பிரிப்பதில் பொருளில்லை என்பதால் அது நிலைக்கவில்லை. 2009-இல் அதன் இடத்தை மதிப்பெண் பரவல் அட்டவணை பிடித்தது. தன்னிடம் தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை விழுக்காட்டினர் எந்த மதிப்பெண்ணைப் பெற்றார்கள் என்பதை ஒவ்வொரு துறையும் வெளியிட, ஏற்கும் துறை அதைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு மாணவர் தம் வகுப்பில் நின்ற இடத்துக்கு ஈடான மதிப்பெண்ணைக் கண்டுகொள்கிறது. நேர்மையான தீர்வு இது. ஆனால் தான் எவ்வளவு தாராளமாக மதிப்பெண் தருகிறது என்பதை ஒரு துறை பிறர் பார்க்க எழுதிவைக்க வேண்டியிருப்பதால், இதற்கு வேண்டிய துணிவு எல்லா இடத்திலும் இல்லை.

மாணவரின் அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை ஆய்வுகள் தரும் படம், பரவலான நம்பிக்கையைவிட நிதானமானது. இம்மானுவேல் சிகாலாஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பரிமாற்ற மாணவர்கள் அதிகம் பழகுவது பிற பரிமாற்ற மாணவர்களோடுதான், உள்ளூர் மாணவர்களோடு நெருக்கம் அந்த அளவுக்கு வளர்வதில்லை என்று காட்டியது. அதற்கான காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவையே: உள்ளூர் மாணவருக்கு நண்பர் வட்டம் முன்பே அமைந்துவிட்டது, வந்தவரோ சில மாதங்களில் போய்விடுவார், வந்தவர்களுக்குள் தனிமையும் அலுவலகச் சிக்கல்களும் வீடு தேடும் அலைச்சலும் பொதுவானவை, பொதுமொழியாக ஆங்கிலம் கைகொடுக்கிறது. 1989-இல் உருவான எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு வந்தவர்களுக்குக் கைகொடுக்கிறது. அந்த வட்டத்துக்குள்ளேயே அவர்கள் தங்கிவிடவும் அதுவே ஏதுவாகிவிடுவதுண்டு. தெரேசா கூன் 2012-இல் முன்வைத்த வாதம் இன்னும் கூர்மையானது. பல்கலைக்கழகம்வரை வந்த இளைஞர்கள் ஏற்கெனவே தம்மை ஐரோப்பியர் என்று உணர்பவர்கள். ஆகவே பரிமாற்றம் தேவைப்படாதவர்களையே அது சென்றடைகிறது. உயர்கல்வி பெறாதவர்களுக்கு அது கிடைத்தால் விளைவு பெரிதாக இருக்கும். செல்லுமுன்னும் வந்தபின்னும் மாணவரிடம் கேட்டறிந்து 2015-இல் கிறிஸ்டின் மிட்செல் வெளியிட்ட ஆய்வு மாற்றம் உண்டு என்று கண்டது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் ஆய்வு எளிதன்று. ஏனெனில் செல்பவர் யாரென்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை.

அதே காரணத்தால்தான் வேலைவாய்ப்பைப் பற்றிய கூற்றுகளையும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2014-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட தாக்க ஆய்வு, பரிமாற்றத்தில் சென்றவர்கள் நீண்டகால வேலையின்மைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் பாதிதான் என்றும், அவர்களில் 27 விழுக்காட்டினர் தம் வாழ்க்கைத்துணையை அங்கேதான் சந்தித்தார்கள் என்றும் சொன்னது. இரண்டாவது எண்ணை விரித்து, ‘எராஸ்மஸ் குழந்தைகள்’ பத்து லட்சம் என்று ஆணையம் மதிப்பிட்டதைச் செய்தித்தாள்கள் மகிழ்ச்சியோடு பரப்பின. மொழியறிவும் குடும்பத்தின் ஆதரவும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களே செல்கிறார்கள் என்றால், பின்னர் அவர்களுக்கு நல்ல வேலை கிடைப்பது பயணத்தாலா அந்த முன்தகுதிகளாலா என்பதை இத்தகைய ஒப்பீடு பிரித்துக் காட்டாது. மத்தியாஸ் பாரேயும் ஃபாபியான் வால்டிங்கரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத் திறமையாகக் கடந்தது. எராஸ்மஸ் இடங்கள் ஜெர்மனியின் எல்லாத் துறைகளுக்கும் ஒரே ஆண்டில் வரவில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கு முன்பும் இன்னொன்றுக்குப் பின்பும் வந்தன. மாணவரின் விருப்பத்தைச் சாராத இந்த முன்பின் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டபோது, அயல்நாட்டில் படித்தது பின்னாளில் அயல்நாட்டில் வேலை செய்யும் வாய்ப்பை ஏறக்குறைய 15 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவது தெரிந்தது. காசெல் நகரிலிருந்து பல்லாண்டுகள் இதை ஆராய்ந்த உல்ரிக் டைக்ளர், பரிமாற்றம் பரவப் பரவ வேலைச் சந்தையில் அது தரும் தனிச்சிறப்பு குறைந்துவருவதாகக் காட்டினார்.

பணம் என்ற தடை முன்பே தெரிந்ததுதான். பரிமாற்ற மாணவர் அயல் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. தம் நாட்டில் செலுத்துவது எதுவோ அதை மட்டும் செலுத்துகிறார். உதவித்தொகையோ வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதிக்கே போதும். அதன் பெரும்பங்கு தொடக்கத்திலும் எஞ்சியது திரும்பியபின்னும் தரப்படுவதும் வழக்கம். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, பயணச்சீட்டு எல்லாவற்றையும் அதற்கு முன்பே குடும்பம் போட வேண்டியிருக்கிறது. பகுதிநேர வேலையால் படிப்பை நடத்துபவர் போனால் வேலையையும் இழக்கிறார். வசதி குறைந்தோருக்கு இப்போது மாதம் 250 யூரோ கூடுதலாகத் தரப்படுகிறது; இழந்த சம்பளத்தை அது ஈடுசெய்யாது. பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளைகளே அதிகம் செல்கிறார்கள் என்ற ஆய்வு முடிவு பல நாடுகளிலும் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

கட்டணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது பரிமாற்றம் இருபக்கமும் நடந்தால்தான் நீடிக்கும். பிரிட்டன் தான் அனுப்பியதைவிடக் கணிசமாக அதிகமான மாணவர்களைப் பெற்றுவந்தது. ஆங்கிலத்தைத் தேடி வருபவர்கள் அதிகம், அயல்மொழி கற்ற பிரிட்டானிய மாணவர்கள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியபோது இந்தச் செலவைக் காட்டியே 2020-இன் இறுதியில் அது எராஸ்மஸையும் விட்டது. மாற்றாக 2021-இல் வந்த டூரிங் திட்டம் செல்பவர்களுக்கு மட்டும் பணம் தந்தது, வருபவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருவழிப் பாதையில் ஏற்பு ஒப்பந்தங்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே பேசி முடிக்க வேண்டியதாயிற்று. 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வாக்களித்த சுவிட்சர்லாந்தும் அதே ஆண்டு திட்டத்துக்கு வெளியே நின்று, தன் பணத்தில் ஒரு மாற்று ஏற்பாட்டைச் செய்துகொள்ள நேர்ந்தது. ஹங்கேரியின் நிலை வேறு. அங்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைகளின் கீழ் மாற்றப்பட்டு, அவற்றின் குழுக்களில் ஆளுங்கட்சியோடு தொடர்புடையோர் இடம்பெற்றதால், ஒன்றியம் 2022 டிசம்பரில் அத்தகைய நிறுவனங்களோடு புதிய ஒப்பந்தங்கள் செய்வதைத் தடைசெய்தது. நிர்வாகத்தின் மீது ஏற்பட்ட அவநம்பிக்கையின் விலையை அதில் எந்தப் பங்கும் இல்லாத மாணவர்கள் கொடுத்தார்கள். இந்த மூன்று நிகழ்வுகளிலும் எந்த வகுப்பறையின் தரத்தைப் பற்றியும் எவரும் கேள்வி எழுப்பவில்லை என்பது கவனத்துக்குரியது.

ஏற்பு தானாகவே நிகழ வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள பாடத்தில் தேர்ச்சி பெற்றவரிடம் மறுபடியும் எதையும் கேட்கக் கூடாது என்று 2018 நவம்பரில் ஒன்றியத்தின் கல்வி அமைச்சர்கள் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைக்குச் சட்டத்தின் வலு இல்லை. துறைத் தலைவரின் மேசையில் முடிவு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. இதே காலத்தில் இன்னொரு போக்கும் தோன்றியிருக்கிறது. 2021 முதல், 5 முதல் 30 நாட்கள் மட்டும் நேரில் சென்று, மற்றதை இணையவழி முடிக்கும் குறுகிய கூட்டுப் படிப்புகளுக்கும் திட்டம் பணம் தருகிறது. அவற்றுக்குக் குறைந்தது 3 கிரெடிட் போதும். வேலைக்குச் செல்லும் மாணவருக்கும், குழந்தை வளர்க்கும் மாணவிக்கும், உடல் ஊனமுற்றோருக்கும் இது உண்மையான வாய்ப்பு. அவர்களுக்காக இது வளர வேண்டும். ஆனால் எண்ணிக்கையைக் காட்ட எளிது என்பதால் பல்கலைக்கழகங்கள் செமஸ்டருக்குப் பதிலாக இதையே முன்னிறுத்தத் தொடங்கினால், இழப்பு மாணவரின் அனுபவத்தோடு நிற்காது. 3 கிரெடிட்டை விருப்பப் பாடமாக எந்தத் துறையும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளும். 30 கிரெடிட் வரும்போதுதான் தன் கட்டாயப் பாடங்களைப் பிறர் நடத்த விடுவதா என்ற கேள்வியை அது எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்பும் செமஸ்டரைக் குறைந்த வருவாயுள்ளவர்களுக்கும் எட்டச் செய்ய, முன்கூட்டியே முழுமையாகத் தரப்படும் உதவித்தொகையும் மாணவர் விடுதிகளில் பரிமாற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட இடங்களும் தேவை. 2028-இல் தொடங்கவுள்ள அடுத்த நிதிக் காலத்துக்கான பேச்சுவார்த்தைகளில் முதலில் வைக்கப்பட வேண்டியவை இவையே.